ஜோனா லோமு: 37 ட்ரைகளும் ஒரு சிறுநீரகமும்

டெஸ்ட் ஆட்டங்கள் 63, போட்ட ட்ரை 37. ஜோனா லோமுவின் சர்வதேசக் கணக்கு இவ்வளவுதான். நல்ல கணக்கு, ஆனால் மலைக்க வைக்கிற கணக்கு இல்லை. அதே நியூசிலாந்து அணிக்கு டக் ஹவ்லெட் 49 போட்டிருக்கிறார், கிறிஸ்டியன் கல்லன் 46 போட்டிருக்கிறார். ரக்பியை விடாமல் பார்ப்பவர்களைத் தவிர வேறு யாரிடமும் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். லோமுவையோ ரக்பி பந்து உருண்டையா நீளமா என்று தெரியாதவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஏன் அப்படி என்பது ஒரு கேள்வி. நாம் பார்த்தது முழு லோமுவையா என்பது இன்னொரு கேள்வி. இல்லை என்பது என் கட்சி.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் ட்ரை, 5 புள்ளி. எட்டுப் பேர் ஃபார்வர்ட், மாடு மாதிரி முட்டித் தள்ளிப் பந்தைப் பிடுங்குவது அவர்கள் வேலை. மிச்சம் ஏழு பேர் பேக்ஸ், அதில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் விங். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை விங் என்றால் ஒல்லியான, வேகமான ஆள், எண்பது கிலோ சுமாருக்கு இருப்பார். அந்த இடத்துக்கு 1.96 மீட்டர் உயரமும் 118 கிலோ எடையும் உள்ள ஒரு பையன் வந்து நின்றான், அவன் 100 மீட்டரை 11 விநாடிக்குள் ஓடக்கூடியவன். கபடியில் ஏழு பேரும் மேலே விழுந்து அமுக்கிய பிறகும் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொடுகிற ரெய்டரைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அது, ஆனால் ஓட்டத்தில்.

லோமுவின் பெற்றோர் டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்தவர்கள். அவர் பிறந்தது 1975 மே 12. குழந்தைப் பருவத்தில் சில வருடம் டோங்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்துவிட்டு, தென் ஆக்லாந்துக்குத் திரும்பினார். பசிபிக் தீவுக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி, தெருவில் கும்பல் சண்டை சாதாரணம். நெருங்கிய உறவினர் ஒருவரே வெட்டிக் கொல்லப்பட்டார். பையன் கைதவறிப் போய்விடுவான் என்று பயந்து வீட்டார் அவரை வெஸ்லி கல்லூரி என்கிற விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர் ரக்பி யூனியனுக்கு மாறியது அங்கேதான். இரண்டும் பங்காளி ஆட்டங்கள், விதிகள் வேறு. பள்ளியில் அவர் ஃபார்வர்ட், விங் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1994இல் ஹாங்காங் செவன்ஸ் போட்டியில்தான் முதன்முதலாக வெளியுலகம் அவரைப் பார்த்தது. ஏழு பேர் ஆடும் ஆட்டம், மைதானம் முழுக்கக் காலியிடம், அதில் இப்படி ஒருவரை ஓடவிட்டால் என்ன ஆகும்! ஆல் பிளாக்ஸ் என்று அழைக்கப்படும் நியூசிலாந்து தேசிய அணியின் அப்போதைய பயிற்சியாளர் லாரி மெயின்ஸ் அவரை விங்கில் போட்டு, அதே வருடம் ஜூன் 26 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக இறக்கினார். வயது 19 வருடம் 45 நாள். ஆல் பிளாக்ஸ் சார்பில் டெஸ்ட் ஆடியவர்களில் அவ்வளவு இளையவர் அதற்கு முன் இல்லை, 1905இலிருந்து நின்ற சாதனை அன்று உடைந்தது.

ஆனால் அந்தத் தொடர் சொதப்பல். விங் ஆடுபவருக்கு ஓட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, எதிரணி உதைத்தடிக்கும் பந்து எங்கே விழும், எப்போது பின்னால் போய் நிற்க வேண்டும், எப்போது மேலேறி வர வேண்டும் என்ற கணக்கு வேண்டும். சிறு வயது முதல் ஃபார்வர்டாக முட்டிக்கொண்டிருந்தவருக்கு அது சில மாதத்தில் வந்துவிடுமா? பிரான்ஸ்காரர்கள் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து இரண்டு டெஸ்டையும் ஜெயித்துவிட்டுப் போனார்கள். லோமுவை ஓரங்கட்டிவிட்டார்கள். அடுத்த வருட உலகக் கோப்பை அணியில் இவர் இருப்பாரா என்பதே சந்தேகம்தான். உடற்தகுதி போதவில்லை, பயிற்சியில் மூச்சு வாங்குகிறது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூச்சு வாங்கும் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

எப்படியோ, மொத்தமே இரண்டு டெஸ்ட் ஆடிய அனுபவத்தோடு 1995இல் தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறினார். அயர்லாந்துக்கு எதிராக இரண்டு ட்ரை. காலிறுதியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று. அதற்கப்புறம் வந்தது ஜூன் 18, கேப் டவுன் நியூலேண்ட்ஸ் மைதானம், அரையிறுதி, இங்கிலாந்து.

இங்கிலாந்து சாதாரண அணி இல்லை. முந்தைய கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் கடைசி நேர டிராப் கோலில் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார்கள். லோமுவுக்கு நேர் எதிரே டோனி அண்டர்வுட், அவருடைய அண்ணன் ரோரி மறுபக்க விங். ஆட்டம் ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. இடது ஓரத்துக்கு ஒரு நீளமான பாஸ் போகிறது, சரியான பாஸ்கூட இல்லை, லோமுவைத் தாண்டிப் பின்னால் போய்த் தரையில் பட்டு எழும்புகிறது. அவர் திரும்பி ஓடி அதை எடுக்கிறார். பந்தைக் கையில் வாங்கும்போது கிட்டத்தட்ட நின்ற நிலை, அதாவது பிடித்துச் சாய்க்க (டேக்கிள் பண்ண) இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அங்கிருந்து கிளம்பி அண்டர்வுட்டை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறார். இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங் பின்னாலிருந்து பாய்ந்து காலைத் தட்டிவிடுகிறார், லோமு தடுமாறுகிறார், விழப்போகிற மாதிரியே இருக்கிறது. முன்னால் கடைசி ஆளாக ஃபுல்பேக் மைக் கேட். லோமு விலகவில்லை. தடுமாறிய வேகத்திலேயே அவர்மீது ஏறி, நெஞ்சை மிதித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி விழுகிறார்.

இந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் கேட்டின் பக்கம்தான் என் கண் போகிறது. அவர் தப்பே செய்யவில்லை. சரியான இடத்தில் நிற்கிறார், சரியாகக் குனிகிறார். பாடப்புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்தும் பலிக்கவில்லை என்பதுதான் அங்கே புதிது.

அன்றைக்கு லோமு போட்டது நான்கு ட்ரை. இடைவேளையில் 25-3, முடிவில் 45-29. இங்கிலாந்தின் 29இல் பெரும்பகுதி ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தது. நியூசிலாந்து ஃபார்வர்டான சின்சான் புரூக் வெகுதூரத்திலிருந்து ஒரு டிராப் கோல் உதைத்துப் போட்டார், வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் மறுநாள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். பாவம், லோமு ஆடிய நாளில் போட்டுவிட்டார். டோனி அண்டர்வுட்டைப் பாராட்ட வேண்டும், பின்னாளில் பீட்சா ஹட் விளம்பரத்தில் லோமுவோடு சேர்ந்து நடித்துத் தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

ஒரு வாரத்தில் இறுதிப் போட்டி. ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க், ஜூன் 24, மண்டேலா தென்னாப்பிரிக்க அணியின் பச்சை ஜெர்சி போட்டுக்கொண்டு வந்த அந்தப் பிரபலமான நாள். மண்டேலாவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் ஆட்டத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்கா லோமுவை நிறுத்தியது. எப்படி? நேர் எதிரே நின்ற ஜேம்ஸ் ஸ்மால் ஒருவரால் அல்ல. லோமுவின் கைக்குப் பந்து வரும்போதே அவருக்கு ஓட இடம் இல்லாதபடி நெருக்கினார்கள். ஒருவர் பிடித்துத் தாமதப்படுத்தினால் அடுத்த நொடி இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் மேலே விழுந்தார்கள். அவர் வேகம் பிடித்து வந்த ஒரு தடவை, ஃபார்வர்டுகளிடமிருந்து பேக்ஸுக்குப் பந்தைக் கடத்தும் ஸ்க்ரம் ஹாஃப் யூஸ்ட் வான் டெர் வெஸ்தைசன் காலுக்குக் கீழே போய்க் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். தன்னைவிட முப்பது கிலோ அதிகமான ஆளை, இடுப்புக்குக் கீழே, இரண்டு காலையும் சேர்த்து. மேலே பிடித்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது இங்கிலாந்து காசு கொடுத்துப் படித்த பாடம், தென்னாப்பிரிக்கா இலவசமாகப் படித்துக்கொண்டது. முழு நேரத்தில் சமன், கூடுதல் நேரத்தில் யோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோலில் 15-12. இறுதிப் போட்டியில் இரண்டு பக்கத்திலும் ஒரு ட்ரைகூட இல்லை. லோமு தன் வாழ்நாளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 12 டெஸ்ட் ஆடினார், ஒன்றில்கூட ட்ரை போட்டதில்லை. நியூசிலாந்து வீரர்கள் பலருக்கு ஆட்டத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தது உண்மை, யாரோ சாப்பாட்டில் கலந்துவிட்டார்கள் என்ற புகாரும் இன்றுவரை ஓடுகிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் அந்த டேக்கிள்களைப் பார்த்தால் அவர்கள் ஜெயித்ததற்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

இதோடு பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த உலகக் கோப்பை வரை ரக்பி யூனியன் சம்பளம் இல்லாத ஆட்டம். பெயரளவில்தான், மறைமுகமாகப் பணம் புழங்கியது, ஆனால் விதிப்படி ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது. இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாட்டு வாரியங்களும் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்போடு பத்து வருடத்துக்கு 55.5 கோடி அமெரிக்க டாலருக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தன. ஆகஸ்ட் கடைசியில் ரக்பி தொழில்முறை ஆட்டம் என்று சர்வதேச வாரியமே ஒத்துக்கொண்டது. இதையெல்லாம் லோமுதான் கொண்டுவந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை, பேச்சுவார்த்தை அவர் ட்ரை போடுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டிவிக்காரனுக்கு ஒரு முகம் வேண்டுமே. ஸ்க்ரம் என்றால் என்னவென்று தெரியாதவனையும் சோபாவில் உட்கார வைக்கிற ஒரே காட்சி அந்த வருடம் லோமுவிடம்தான் இருந்தது. 1997இல் அவர் பெயரிலேயே வீடியோ கேம் வந்தது. ரக்பியில் ஒரு தனிமனிதன் பெயரே சரக்காக விற்றது.

இப்போது அந்த மூச்சு வாங்குதலுக்கு வருவோம்.

உலகக் கோப்பை முடிந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள் அவருக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவை புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். சல்லடை கெட்டுப்போனால் புரதம் சிறுநீரில் போய்விடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் ரத்தக்குழாயில் நிற்காமல் திசுக்களுக்குள் இறங்குகிறது, கால் வீங்கும், முகம் உப்பும், சோர்வு அப்பிக்கொள்ளும், தொற்று எளிதில் வரும். வீட்டில் கிட்னி நோயாளி இருந்தவர்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம், காலையில் கணுக்காலை அமுக்கிப் பார்த்துக் குழி விழுகிறதா என்று பார்ப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. நியூசிலாந்தில் மவோரி, பசிபிக் தீவு மக்களிடம் சிறுநீரக நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் பழைய செய்தி.

இந்த நோய் பெரும்பாலும் சத்தம் போடாமல் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும். எனவே 1995இல் பயிற்சி முகாமில் மூச்சு வாங்கிய பத்தொன்பது வயதுப் பையன் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. என் ஊகம் இது: நியூலேண்ட்ஸில் மைக் கேட்மீது ஏறிப் போனது ஏற்கெனவே நோய் தொட்ட உடம்பு. நாம் உச்சம் என்று கொண்டாடுவது அவருடைய உச்சமே இல்லை.

1997இன் பெரும்பகுதி சிகிச்சையில் போனது. திரும்பி வந்து 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் செவன்ஸ் தங்கம் வாங்கினார். 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை போட்டார். 1995இன் ஏழோடு சேர்த்தால் 15. அந்த எட்டில் இரண்டு, லண்டன் ட்விக்கன்ஹாமில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் வந்தவை, அதில் ஒன்றுக்குப் பாதி பிரெஞ்சு அணியையே சுமந்துகொண்டு போனார். அந்த ஆட்டத்தைத்தான் நியூசிலாந்து 43-31 என்று தோற்றது. லோமு ஆடிய உலகக் கோப்பை இரண்டும் கோப்பை இல்லாமல் முடிந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்த லோமு இந்த இரண்டிலும் இல்லை. 2000 ஜூலை 15, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம், மைதானத்தில் 1,09,874 பேர். ஆரம்ப நிமிடங்களிலேயே நியூசிலாந்து 24-0. முதல் பாதி முடிவதற்குள் ஆஸ்திரேலியா சமன் செய்துவிட்டது. கடைசி நிமிடங்களில் 35-34 என்று ஆஸ்திரேலியா முன்னிலை. அப்போது இடது ஓரத்தில் லோமுவுக்குப் பந்து வருகிறது. அவருக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கலாம். முட்டி மோதுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அந்த 118 கிலோ ஆள் கம்பிமேல் நடப்பவர் மாதிரி கோட்டை மிதிக்காமல் நுனிக்காலில் ஓடி, ஸ்டீபன் லார்க்கமின் கைக்கு அகப்படாமல் மூலையில் ஊன்றிவிட்டார். 39-35. லோமுவுக்குப் பிறகு எல்லா நாடுகளும் பெரிய உடம்புள்ள விங்குகளைத் தேட ஆரம்பித்தன, நூறு கிலோ விங் இன்று செய்தியே இல்லை. அவர்கள் நகலெடுத்தது எடையை. அந்தக் கால்களை நகலெடுத்த ஆள் இன்னும் என் கண்ணில் படவில்லை.

2002 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஆடியது கடைசி டெஸ்ட். வயது 27தான். அடுத்த வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். நரம்பு பாதிக்கப்பட்டு, நடப்பதே சிரமமான நிலை. ஓடுவதற்கென்றே பிறந்த மாதிரி இருந்தவருக்கு சக்கர நாற்காலி வரும் என்ற பேச்சு வந்தபோது, வெலிங்டனைச் சேர்ந்த வானொலி அறிவிப்பாளர் கிரான்ட் கெரெயமா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2004 ஜூலை 28 அன்று ஆக்லாந்தில் அறுவை சிகிச்சை. வழக்கமாகப் புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைப்பார்கள், இவர் மறுபடி ஆட வேண்டும் என்று அடம்பிடித்ததால் இடிபடாத இடமாகப் பார்த்து விலா எலும்பை ஒட்டி வைத்தார்கள். இது துணிச்சலா முட்டாள்தனமா என்று இன்றும் வாதிடலாம். தானமாக வந்த உறுப்பை எதிரியின் தோள்பட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதா என்று கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆடினார். 2005 ஜூனில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்காக நடந்த கௌரவ ஆட்டத்தில் ட்ரையும் போட்டு, தோள்பட்டையில் காயமும் பட்டுக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் கார்டிஃப் ப்ளூஸ் கிளப், அடுத்து நியூசிலாந்தின் நார்த் ஹார்பர் அணி, 2009இல் பிரான்சின் கீழ்நிலை லீகில் மார்செய் வித்ரோல் என்கிற கிளப்பில் ஃபார்வர்டாக. பள்ளியில் ஆடிய இடத்துக்கே திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வேகம் இல்லை, ஆல் பிளாக்ஸ் ஜெர்சி மறுபடி கிடைக்கவில்லை, பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின. வெள்ளையணுவை அடக்கி வைக்கும் மருந்தைத் தினமும் விழுங்கிக்கொண்டு ஒருவர் ஐரோப்பிய கிளப் ரக்பியில் நின்று ஆடியதைத் தோல்வி என்று எழுத அவர்களுக்கு எப்படிக் கை வந்ததோ.

2011 உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் வந்து நின்றார். அதே தொடர் நடக்கும்போதே மருத்துவமனைக்குப் போனார். கெரெயமா கொடுத்த சிறுநீரகம் ஏழு வருடம் உழைத்துவிட்டு நின்றுபோயிருந்தது. மறுபடி டயாலிசிஸ், இந்த முறை முடிவே இல்லாமல். அதோடுதான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டயாலிசிஸுக்கு இடம் பார்க்க வேண்டும்.

2015 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்துக்கும் அப்படித்தான் போனார், விளம்பர வேலைகளுக்காக. அக்டோபர் 7 அன்று லண்டனில் அமெரிக்காவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா மூன்று ட்ரை போட்டு, உலகக் கோப்பைகளில் 15 என்ற லோமுவின் கணக்கைத் தொட்டார். இன்னும் ஒன்று போட்டால் சாதனை அவருடையது, அதற்கப்புறமும் தொடரில் ஆட்டங்கள் இருந்தன, அதில் ஒன்று நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதி. அந்த ஒன்று அவருக்கு வரவே இல்லை.

தொடர் முடிந்து குடும்பத்தோடு துபாய் வழியாக லோமு வீடு திரும்பினார். மறுநாள் காலை, நவம்பர் 18, ஆக்லாந்தில் இறந்துபோனார். வயது 40. அவர் விட்டுச் சென்ற பணம் மிகக் குறைவு என்று பிறகு தெரிந்தது, அவருடைய இரண்டு சிறுவர்களுக்காக வீரர்கள் சங்கம் ஒரு அறக்கட்டளை தொடங்கி நிதி திரட்டியது. ரக்பியில் பணம் கொட்டத் தொடங்கிய அதே வருடம் அந்த ஆட்டத்துக்கு முகமாக இருந்தவர் அவர். 15 என்ற எண் இன்னும் அவர் பெயரிலும் ஹபானா பெயரிலும் சேர்ந்தே நிற்கிறது.